அடுப்பு இரண்டு, கார்டு ஒன்று

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

"மாமனார் ஒரு தனியார் எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. 2013ல் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்போது வந்த பி.எஃப். பணத்தில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். முன்பக்கம் கொழுந்தனார் குடும்பம், பின்பக்கம் நாங்கள். மாமியாருக்கு 66 வயது, எங்களோடுதான் சாப்பிடுகிறார். நான் சீசனில் கொழுந்து பறிக்கப் போகிறேன். என் கணவர் கேரட் மண்டியில் மூட்டை தூக்குகிறார். இரண்டு பேர் கூலியும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் வந்தால் பெரிது. சென்ற ஆகஸ்டில் முகாமில் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுத்தேன். நிராகரித்துவிட்டதாக மெசேஜ் வந்து மூன்று வாரம் ஆகிறது. விசாரித்தால், வீட்டில் ஜீப் இருக்கிறது என்கிறார்கள். அது கொழுந்தனாருடைய ஜீப். நாங்கள் அதில் ஏறியதுகூட இல்லை. மாமியாருக்கு விதவை பென்ஷன் கேட்டபோதும், மகன்கள் இருக்கிறார்கள் என்று கொடுக்கவில்லை. ரேஷன் கடையில் அவருக்குக் கைரேகையும் விழுவதில்லை. பெண் இந்த வருடம் பிளஸ் டூ. மேலே படிக்க வைக்க முடியுமா என்றே பயமாக இருக்கிறது. எங்களுக்கு எந்த உதவியுமே கிடையாதா?"

அன்புள்ள சகோதரி,

உண்டு. நிறையவே உண்டு. ஆனால் மெசேஜ் வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள். உரிமைத் தொகை நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது சில நாள்கள்தான் மிச்சமிருக்கும். இ-சேவை மையத்துக்குப் போய், வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பதியச் சொல்லுங்கள். கோத்தகிரி வட்டத்துக்குக் குன்னூர் கோட்டாட்சியர்தான். "ஜீப் கணவரின் தம்பி பெயரில் உள்ளது, அவர் தனிச் சமையல், தனிக் குடும்பம், கார்டைப் பிரிக்க விண்ணப்பித்திருக்கிறோம்" என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். அதனால் கார்டு வேலையை அதற்கு முந்தின நாளே தொடங்கிவிடுங்கள்.

கார்டு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? உங்கள் கடிதத்தில் நீங்கள் தனித்தனியாகச் சொல்லியிருக்கும் குறைகளில் பாதி ஒரே இடத்திலிருந்து வருகிறது. நீங்கள் ஜீப்பில் ஏறியதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற கணினிக்கு உங்கள் வீட்டின் முன்பக்கமும் தெரியாது, பின்பக்கமும் தெரியாது. அதற்குக் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்கள்தான். அந்தப் பெயர்களில் ஒருவருக்குச் சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப் இருந்தால் குடும்பத்துக்கே தகுதி இல்லை என்பது 2023ல் திட்டம் தொடங்கியபோதே வைத்த விதி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள் என்ற மற்ற விதிகளையும் அதே கார்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இதில் உங்கள் மேல் தப்பு இல்லை, அதிகாரி மேலும் தப்பு இல்லை. வீடு பிரிந்த அன்றைக்குக் கார்டையும் பிரித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மலையில் இதைப் பலரும் செய்வதில்லை. பாகப்பிரிவினை என்றாலே சண்டை என்று ஊர் பேசுமோ என்ற தயக்கம்.

ஒன்று மட்டும் கொழுந்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஜீப் அரசு மானியக் கடனில் வாங்கியதா? மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனங்களுக்கு 2025ல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அப்படியானால் ஆர்.சி. நகலையும் மானிய ஆணையையும் மேல்முறையீட்டோடு சேர்த்தால் போதும், வழி சுலபம். சொந்தக் காசில் வாங்கியது என்றால் மேலே படியுங்கள்.

கார்டைப் பிரிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போதைய கார்டில் தலைவி உங்கள் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாமியார் உங்கள் அடுப்பில்தான் சாப்பிடுகிறார். அப்படியானால் வெளியே போக வேண்டியது நீங்கள் அல்ல. கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் குழந்தை மூவரின் பெயர்களையும் நீக்கி, அவர்கள் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்கட்டும். பழைய கார்டு மாமியார், நீங்கள், உங்கள் கணவர், இரண்டு பிள்ளைகள் என்று உங்களோடு நிற்கும். பெயர் நீக்கம் சீக்கிரம் முடிகிற வேலை. புதுக் கார்டுக்குத்தான் வீட்டுக்கு வந்து பார்த்து, தனிச் சமையலறை இருக்கிறதா என்று விசாரித்து, வட்ட வழங்கல் அலுவலர் ஒப்புதல் தர வேண்டும். காத்திருக்க வேண்டியது வருமானம் உள்ளவர்கள் பக்கமாக இருந்தால் யாருக்கும் அடுப்பு அணையாது. இதைவிட முக்கியம், உங்கள் கார்டு பி.எச்.எச். என்ற முன்னுரிமை வகை. நீங்கள் வெளியேறிப் புதிதாக வாங்கினால் அதே வகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கொழுந்தனார் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று யோசிப்பீர்கள். அவருக்கும் இதில் லாபம் இருக்கிறது என்பதை ஓரகத்தியிடம் நீங்களே சொல்லுங்கள். கிலோ 30 ரூபாய் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதில்லை, கார்டுக்கு ஒன்று. இப்போது இரண்டு வீடும் ஒரு கிலோ பருப்பைப் பங்கு போடுகிறீர்கள். இரண்டு கார்டு ஆனால் வீட்டுக்கு ஒரு கிலோ. அவர்களுடைய குழந்தைக்கு நாளை சாதிச் சான்று, வருமானச் சான்று என்று எதற்குப் போனாலும் தனிக் கார்டு இருப்பது வசதி. "உன் ஜீப்பால் எனக்கு ஆயிரம் ரூபாய் போகிறது" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பருப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒருவேளை யாராவது, மாமியாரை ஒரு கார்டில் காட்டிவிட்டு இன்னொரு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் லாபம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். விசாரணைக்கு வருகிறவர் அக்கம் பக்கத்தில்தான் கேட்பார். உங்கள் வீட்டு நிலைமை உண்மையிலேயே உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அதை அப்படியே தாளில் காட்டினால் போதும்.

கார்டு சரியானதும், 21 வயது நிறைந்த ஒரு பெண் என்ற கணக்கில் உரிமைத் தொகையை நீங்கள் கேட்கலாம். மாமியாருக்கு நாளை முதியோர் பென்ஷன் வந்தாலும் அது உங்களுக்குத் தடை ஆகாது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் இருக்கும் வீட்டில் தகுதியுள்ள மற்றொரு பெண் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். பணம் மாதம் 15ஆம் தேதி வாக்கில், ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குப் போகும். பல பெண்கள் பழைய நூறு நாள் வேலைக் கணக்கு ஒன்றை மறந்துவிட்டு, பணம் வரவில்லை என்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். எது இணைந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பேங்குக்கு இறங்கி வர அரை நாள் கூலி போகும் என்றால் தபால் நிலையத்தில் போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு தொடங்குங்கள். தபால்காரரே கருவியோடு வந்து வாசலில் பணம் தருவார்.

இனி மாமியார் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். அதைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள்.

விதவை உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கு என்று வைத்திருப்பது. சம்பாதிக்கிற மகன்கள் கார்டிலேயே இருக்கும்போது மறுப்பது வழக்கம்தான். கார்டு பிரிந்த பிறகு இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். 2023ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு ஒரு பென்ஷனை. உங்கள் மாமனார் வேலையில் இருக்கும்போதே இறந்தார், பி.எஃப். பணம் வந்தது என்கிறீர்கள். பி.எஃப். பணம் வேறு, பென்ஷன் வேறு. முதலாளி கட்டுகிற பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் அளவுக்குத் தனியாகப் பிரிந்து, 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். அந்தத் திட்டத்தில் இருக்கும் தொழிலாளி பணியில் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும், அவர் மனைவிக்கு ஆயுள் வரைக்கும் மாதாமாதம் பென்ஷன் உண்டு. மகன்கள் இருக்கிறார்களா, சொந்த வீடு இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது உதவித்தொகை கிடையாது. உங்கள் மாமனார் உழைத்து அவர் பெயரில் சேர்ந்தது.

உங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு காசோலை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எஸ்டேட்களில் இது அடிக்கடி நடக்கும். துக்க வீட்டில் ஆபீஸ் கிளார்க் நீட்டிய தாள்களில் கைநாட்டு வைப்பார்கள். எந்தத் தாள் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பென்ஷனுக்கான படிவம் 10-டி என்பது. அது அந்தக் கட்டில் இருந்ததா இல்லையா என்று இப்போது பார்க்க வேண்டும். இல்லையென்றால் இப்போதும் கொடுக்கலாம். விதிப்படி, இறந்த மறுநாளிலிருந்து பென்ஷன் கணக்கு. குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாளிலிருந்து மட்டும் கூட்டிப் பார்த்தாலே நிலுவை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

படிவத்தில் எஸ்டேட் ஆபீஸ் சான்று போட வேண்டும். எஸ்டேட் கைமாறியிருந்தால் புதிய நிர்வாகத்திடமே கேளுங்கள். மூடிவிட்டிருந்தால் பேங்க் மேலாளர் அல்லது கெஜடட் அதிகாரி சான்று போடவும் இடம் இருக்கிறது. இறப்புச் சான்று, மாமியாரின் ஆதார், பாஸ்புக், போட்டோ, அப்புறம் மாமனாரின் பி.எஃப். எண். அந்த எண் பழைய சம்பளச் சீட்டில் இருக்கும், பி.எஃப். பணம் வந்தபோது கொடுத்த தாளிலும் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியராக இருந்தபோது, ஒரு அம்மா தோட்டத்திலிருந்து வருவார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். ஒரு தாளில் மருதாயி, இன்னொன்றில் மருதை, கணவரின் இறப்புச் சான்றில் மூன்றாவதாக ஒரு பெயர். நான் பெயரைச் சரிசெய்து வரச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை ஒன்றைச் சரிசெய்திருந்தார், மற்றது இடித்தது. மறுபடியும் அனுப்பினேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார் என்பதை மூன்றாவது முறைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாளே எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பி, எங்கெங்கே பெயர் மாறுகிறது என்று நானே குறித்துக் கொடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

அந்த அரை மணி நேர வேலையை உங்கள் வீட்டில் உங்கள் பெண் செய்யட்டும். பிளஸ் டூ படிக்கிறாளே, அவளைவிட யார் நன்றாகச் செய்வார்கள்? ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், இறப்புச் சான்று, பி.எஃப். தாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மாமியார் பெயர், மாமனார் பெயர், இனிஷியல், பிறந்த தேதி நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடட்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் குறித்து வைக்கட்டும். மாமியாரின் ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள், மற்றவை அதைப் பார்த்து மாறும். மாமனாரின் பெயரை இனி ஆதாரில் மாற்ற முடியாது. அதற்கு இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து வட்டாட்சியர் தருகிற சான்று வாங்குங்கள்.

கைரேகை விழாததற்கு மாமியார் வெட்கப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல், அதில் ரேகை எப்படி இருக்கும்? தேயிலைப் பால் ஏறிக் கறுத்து, தேய்ந்து போயிருக்கும். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்து எந்த விரல் நன்றாக விழுகிறது என்று கேட்டு, கடையில் அதையே வைக்கச் சொல்லுங்கள். கண் கருவிழியைப் படிக்கும் கருவியும் ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கிறது, அதைக் கேளுங்கள். நீங்கள் போனால் உங்கள் ரேகையிலேயே பொருள் வாங்கலாம், மாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை. பி.எஃப். பென்ஷன் வந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ்சான்று கொடுக்க வேண்டும். அதைச் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், விரலே தேவையில்லை. இதையும் உங்கள் பெண்ணிடம் சொல்லி வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கிறாள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில், பட்டப் படிப்பு ஆனாலும் டிப்ளமோ ஆனாலும் ஐ.டி.ஐ. ஆனாலும், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். இதற்கு வருமான வரம்பு கிடையாது, ஜீப் கணக்கு கிடையாது, உங்களுக்கு உரிமைத் தொகை வந்தாலும் அவளுக்கு நிற்காது. விண்ணப்பம் கல்லூரியிலேயே செய்வார்கள். தபால் வழிப் படிப்புக்கு மட்டும் இது இல்லை. செலவைப் பார்த்துத் தபாலில் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பையன் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி இருக்கிறது, அவனை மழையானாலும் நேரத்துக்கு அனுப்புங்கள்.

அடுப்புக்கு, கவாத்து வெட்டிய தேயிலை விறகுதான் என்கிறீர்கள். கேஸ் இணைப்பு ஓரகத்தி பெயரில் இருப்பதால் ஒரே வீடு என்று உங்களுக்கு இதுவரை இலவச இணைப்பு கிடைத்திருக்காது. கார்டு பிரிந்ததும் உங்கள் பெயரில் உஜ்வாலாவுக்கு எழுதுங்கள். அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம். பிறகு வாங்கும் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கணக்கில் வரும், 2025-26க்கு வருடம் ஒன்பது சிலிண்டர் வரை. மலைக் குளிரில் வெந்நீருக்கு விறகு எப்படியும் வேண்டியிருக்கும், ஆனால் சமையல் புகையாவது குறையும்.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். கொழுந்தனாரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்ததால் தாண்டியிருக்கும். உங்கள் கணக்கு 1,08,000தான். உள்ளதை உள்ளபடி சொல்லிச் சான்று வாங்குங்கள். குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் கோவைக்கு இறங்க வேண்டிய காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. மூட்டை தூக்குகிற உங்கள் கணவருக்கு முதுகு வலி என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். காப்பீட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே காட்டுங்கள்.

மின்சாரம்: ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் ஒன்றுதான். தனி வாசலும் தனி வயரிங்கும் இருந்தால் தனி மீட்டர் கேட்கலாம். அதற்கு முதலில் செலவு ஆகும், அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023ல் நம் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் முதலில் வந்தது, மாமியாருக்குக் களி பிடிக்கும் என்றால் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் குன்னூர், ஊட்டி என்று அலைய வேண்டியிருக்கும். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024 பிப்ரவரியிலிருந்து மலைக்கும் வந்துவிட்டது. நீங்களும் மாமியாரும் பெண்ணும் அதைப் பார்த்து ஏறுங்கள். வரும் திங்கட்கிழமை ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் நீக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். மறுநாளே மேல்முறையீடு. அந்த வாரக் கடைசியில் மாமியாரின் தகரப் பெட்டியைத் திறந்து பி.எஃப். எண் இருக்கும் தாளைத் தேடுங்கள். கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், 10-டி படிவத்தை எப்படி நிரப்புவது என்று வரி வரியாகச் சொல்கிறேன்.